உதட்டோரக் கொப்புளம்

“வெளிச்சத்துல நல்லாப் பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா. இது பருவா, வேற ஏதாச்சுமா?”

மாரியாயி அந்தப் பெண்ணின் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். புவனலதா கண்களை மூடிக்கொண்டாள். அவளுடைய மேலுதட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பியிருந்தன.

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே பதுளைக்கு வந்திருந்தார்கள். டாக்டர் சிவரூபி யாழ்ப்பாணத்துக்காரர். கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“பிள்ளை, இது கிளம்ப முந்தி அந்த இடம் எரிஞ்சதோ?”

“ஆமாங்க. சுள்ளு சுள்ளுன்னு இருந்துச்சு.”

“முந்தியும் இதே இடத்தில வந்ததோ?”

“சின்னப்புள்ளையில, காய்ச்ச வந்தப்போ வந்துச்சுங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். “பருவெண்டால் தனியா வரும், நடுவில சீழ் வைக்கும், உதட்டுத் தோலில வராது. வாயின்ர ரெண்டு ஓரமும் வெடிச்சுப் புண்ணானால் அது வேற. சத்துக் குறைவாலயும் வரும். இது ரெண்டுமில்லை, காய்ச்சல் கொப்புளம். சின்ன வயசில ஆராவது முத்தம் குடுத்துக் கொஞ்சினாலே இந்தக் கிருமி ஒட்டியிருக்கும். பிறகு உடம்புக்குள்ளயே படுத்துக் கிடக்கும். காய்ச்சல், வெயில், மனக்கவலை எண்டு ஏதாவது வந்தால் தலைகாட்டும்.”

“கவலைக்கு என்னா கொறச்சல்?” மாரியாயியின் குரல் உயர்ந்தது. “தைப்பூசம் முடிஞ்ச கையோட கல்யாணம். மாப்பிள்ளையோட அத்தை இதப் பாத்துட்டு, பொண்ணு எவன்கிட்டயோ கெட்ட சீக்க வாங்கிக்கிட்டு வந்திருக்கு, கல்யாணத்த நிறுத்துங்கன்னு லயத்துல வீடு வீடாப் போய்ச் சொல்லிருச்சு. இந்தப் புள்ள சோறு தண்ணி இல்லாமக் கெடக்கு.”

புவனலதாவின் கன்னத்தில் நீர் வழிந்தது. மாரியாயி சேலைத் தலைப்பால் துடைக்கப் போனாள்.

“கொப்புளத்தில படாமல் துடையுங்கோ. அது காஞ்சு உதிரும் வரைக்கும் இவ குடிச்ச கோப்பையில வேற ஆரும் குடிக்கக்கூடாது. கைக்குழந்தையளைக் கொஞ்சக்கூடாது. களிம்பு தாறன், கல்யாணத்துக்கு முந்தியே மாறிடும்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். அந்த அத்தைய இழுக்காத கொறையாக் கூட்டிக்கிட்டு வந்து வெளிய ஒக்கார வச்சிருக்கேன். நீங்க இப்பச் சொன்னத அது காதுபடச் சொல்லணும்.”

டாக்டர் புவனலதாவைப் பார்த்தார். “சொல்லட்டோ பிள்ளை? உமக்குச் சம்மதமோ?”

அவள் தலையாட்டினாள்.

அத்தை உள்ளே வந்தாள். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

“அப்போ... அந்த மாதிரிச் சீக்கு இல்லீங்களா?”

“இல்லை. பரீட்சைக்குப் படிக்கேக்க எனக்கே வந்தது.”

அத்தை புவனலதாவின் உதட்டை மறுபடி உற்றுப் பார்த்தாள்.

“கேட்டுக்கிட்டியா?” என்றாள் மாரியாயி. “எந்தெந்த வாசல்ல நின்னு அதச் சொன்னியோ, அந்தந்த வாசல்ல நின்னு இதையும் சொல்லு. நான் கூடவே வர்றேன்.”

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படி நிமிர்ந்து பேசி டாக்டர் பார்த்ததில்லை. மருந்துச் சீட்டை நீட்டியபடி, “உங்களை மாதிரி ஒரு தாய் எல்லாப் பிள்ளையளுக்கும் கிடைக்காது,” என்றார். பிறகு அத்தையிடம் திரும்பினார். “மாப்பிள்ளையின்ர அம்மாவும் பயந்துபோய் இருப்பா. முதல்ல அவவுக்குப் போய் விளங்கப்படுத்துங்கோ.”

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவ பயப்படல டாக்டரம்மா,” என்றாள் மாரியாயி, புவனலதாவின் கையைப் பிடித்து எழுப்பியபடி. “மாப்பிள்ளையப் பெத்தவ நான்தான்.”