துண்டு போட்ட நாற்காலி

“மூணாவது நாளா துண்டு கிடக்கு நைஜல், ஆளைக் காணோம்!”

ஜேனிஸ் போட்ட சத்தத்தில் நீச்சல் குளத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கப்பலின் மேல்தளத்தில், கடலைப் பார்த்துப் போட்டிருந்த சாய்வு நாற்காலி அது. அதன்மேல் நீலத் துண்டு ஒன்று சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தது. உட்காரத்தான் யாரும் வரவில்லை.

“காலியாத்தானே இருக்கு. துண்டை ஓரமா வெச்சிட்டு நீ படுத்துக்கோயேன்” என்றார் கணவர் நைஜல், கொட்டாவியோடு.

“அடுத்தவன் துண்டை நான் தொடணுமா? நாம இங்கிலீஷ்காரங்க, வரிசையில நிக்கிற ஜனம், மனுஷா!”

ஜேனிஸ், பர்ன்லியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்தவர். இரண்டு காலிலும் நரம்பு சுருட்டல். ஓய்வு பெற்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “கடலைப் பார்த்துக்கிட்டு ஒரு நாள் முழுக்கக் காலை நீட்டிப் படுக்கணும்.”

அதற்காகத்தான் பார்சிலோனாவிலிருந்து இந்த நான்கு ராத்திரிக் கப்பல் பயணம்.

வந்த இடத்திலும் நின்றார். கப்பலில் ஏற இரண்டு மணி நேரம். ஆம்லெட்டுக்கு இருபது நிமிஷம். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தைப் பார்க்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இறக்கிவிட்டதோ லிவோர்னோ துறைமுகத்தில், கண்டெய்னர்களுக்கு நடுவில். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், ஃப்ளோரன்ஸில் கழிப்பறை வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

இன்று கடைசிப் பகல். நாளைக் காலையில் எல்லாரும் பெட்டியோடு இறங்க வேண்டும். இன்று படுத்தால்தான் உண்டு.

“யார் வேலைன்னு சொல்லவா?” பக்கத்து நாற்காலியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஹனோவர்காரர் ஃபோல்கருக்குக் கேட்கும்படியே பேசினார் ஜேனிஸ். “ஜெர்மன்காரனுங்க! விடியறதுக்கு முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிக்க வந்து நிப்பானுங்க!”

“மேடம், முதல் நாளே சொன்னேன். அது என்னோடது இல்ல.”

“அப்ப யாரோடது?”

ஃபோல்கர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, புத்தகத்துக்குள் போய்விட்டார்.

“பார்த்தீங்களா! முழியே சரியில்ல!” என்றாள் லீட்ஸிலிருந்து வந்திருந்த வெண்டி. “விடாதீங்க ஜேனிஸ், நாங்க இருக்கோம்!”

வெண்டி மட்டுமா? மூன்று நாளில் பதினோரு இங்கிலீஷ்காரர்கள் ஜேனிஸ் பின்னால் சேர்ந்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டில் துண்டுப் பேச்சு. ராத்திரிச் சாப்பாட்டிலும் துண்டுப் பேச்சு. வழியில் மார்செய் துறைமுகம் வந்ததும் போனதும் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அறைக்குள் நைஜல் ஒரு தடவை தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “ஜேனிஸ், அந்தத் துண்டு விஷயமா…”

“நீ அவனுங்களுக்கு வக்காலத்து வாங்காதே! நம்ம வீட்டு ஆளே இப்படிப் பண்ணியிருந்தாலும் கடல்ல தள்ளிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்!”

நைஜல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இன்று ஜேனிஸின் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று போய் அந்தத் துண்டை உருவினார்.

“தொடமாட்டேன்னியே?” என்றார் நைஜல் பதறிப்போய்.

“தொடறது வேற, சாட்சியா எடுத்துட்டுப் போறது வேற!”

துண்டு கொடுக்கும் கவுண்டருக்கு ஊர்வலம் கிளம்பியது. அங்கே அறை அட்டையைக் காட்டினால்தான் துண்டு தருவார்கள். எந்த எண் துண்டு எந்த அறைக்குப் போனது என்று கம்ப்யூட்டரில் இருக்கும்.

“இது யாரோட துண்டுன்னு பாருங்க. பேரைச் சத்தமா படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்!”

கவுண்டரில் இருந்த மரிசெல் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். ஜேனிஸைப் பார்த்தாள். “மேடம், நீங்க மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா…”

“சத்தமா!”

“அறை 7214. ஹார்கிரீவ்ஸ்.”

ஊர்வலம் ஜேனிஸைப் பார்த்தது. ஜேனிஸ் ஹார்கிரீவ்ஸ் நைஜலைப் பார்த்தார்.

“காலை நீட்டிப் படுக்கணும்னு கேட்டியேம்மா…” என்றார் நைஜல். “அஞ்சு மணிக்கு எழுந்து போட்டுட்டு வந்தேன். டிபன் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு. அதுக்குள்ள நீயே பார்த்துட்டுக் கத்த ஆரம்பிச்சுட்டே.”

“மூணு நாளுமா?”

“நாளைக்காவது சொல்லிடலாம், நாளைக்காவது சொல்லிடலாம்னு தினமும் போட்டேன்… ஃபோல்கருக்குத் தெரியும். சொல்லிடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். பாவம், உன் திட்டையெல்லாம் அவர்தான் வாங்கிக்கிட்டார்.”

பின்னால் நின்றவர்களுக்குத் திடீரென்று ஐஸ்கிரீம் ஞாபகம் வந்து, ஒவ்வொருவராக நழுவினார்கள்.

 ஜேனிஸுக்குக் கண் கலங்கியிருந்தது. துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் நைஜலைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை நோக்கி நடந்தார். அரை நாள் இன்னும் பாக்கி இருந்தது.

நாற்காலியில் வெண்டி படுத்திருந்தாள். அடியில் செருப்பு, முகத்தின் மேல் தொப்பி.

“வெண்டி!”

“துண்டு இல்ல, காலியா இருந்தது” என்றது தொப்பி. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

பக்கத்து நாற்காலியில் ஃபோல்கர் புத்தகத்தை மூடினார். எழுந்து, தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க மேடம், இதுல காலை நீட்டிப் படுங்க. நான் ஜெர்மன்காரன்தானே, எனக்கு எங்கேயாவது இடம் கிடைச்சுடும்.”