பாஸ்டர் தூங்குகிறார்

“பாஸ்டர் தூங்குறாருங்க ஐயா.”

வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாஸ்டரம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

சபைச் செயலாளருக்கு உள்ளம் குளிர்ந்தது. டயர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உச்சி வெயிலில் வந்தது வீண்போகவில்லை.

“நேத்தும் தூங்கினாராமே?”

“ஆமாங்க.”

“முந்தாநாள்?”

“தினமும் சாப்பிட்டதும் தூங்கிடுவாருங்க. நல்ல தூக்கம். இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார்.”

கொஞ்சமாவது வெட்கப்படுகிறாளா பார்!

“ஞாயித்துக்கிழமையானா ‘தனியா ஜெபிங்க, தனியா ஜெபிங்க’ன்னு எங்க உயிரை வாங்க வேண்டியது. இங்க வந்து காலை நீட்ட வேண்டியது. சாயங்காலம் கமிட்டி கூடுது, தெரியும்ல? வேற பாஸ்டரைப் பார்க்கலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க.”

பூண்டு உரித்த கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் உரித்தது.

“மனுஷன் தூங்குறது தப்பாங்க?”

செயலாளர் கிளம்புகிறவர் போல நடந்து, வீட்டின் பக்கவாட்டில் திரும்பினார். கமிட்டிக்குச் சாட்சி வேண்டாமா? ஒரு போட்டோ போதும். குறட்டையோடு வீடியோ கிடைத்தால் கர்த்தருடைய கிருபை.

படுக்கையறை ஜன்னல் லேசாகத் திறந்திருந்தது. செல்போனை உயர்த்தினார்.

கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பில் ஒரு கசங்கல் இல்லை. கட்டிலோரம், வெறுந்தரையில், முழங்காலில் இருந்தார் பாஸ்டர். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. கன்னத்தில் ஓர் ஈ ஊர்ந்தது. அதை விரட்டக்கூட அவர் கை எழவில்லை.

செயலாளர் திரும்பினார். பின்னால் பூண்டுத் தட்டோடு பாஸ்டரம்மா.

“ஏம்மா, இதைப் போய்த் தூக்கம்னு ஏன் பொய் சொன்னீங்க?”

“மெதுவாப் பேசுங்க. வந்த புதுசுல நெசத்தைத்தான் சொன்னேன். ‘ஜெபத்துல இருக்காரா? நல்லதாப் போச்சு, என் விஷயத்தையும் சேர்த்துக்கட்டும்’னு ஆளாளுக்குக் கதவைத் தட்டினாங்க. பையனுக்கு மார்க்கு, மாமியாருக்கு வாயடக்கம்... முதல்ல தட்டினது யாரு தெரியுமா? நீங்கதான். கடை லைசென்ஸுக்கு.”

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“தூங்குறவரை எழுப்ப எல்லாருக்கும் கூச்சம். ஆண்டவர்கிட்ட பேசிட்டிருக்கிறவரைக் கலைக்க ஒருத்தருக்கும் கூச்சமில்ல. கமிட்டியில சோம்பேறின்னே சொல்லிக்குங்க ஐயா. ஜெபம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவருக்குன்னு இருக்கிறது இந்தக் கொஞ்ச நேரம்தான்.”

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதும்மா. டாக்டர்தான் தூங்கச் சொல்லியிருக்கார்னு கமிட்டியில அடிச்சு விடுறேன். பாஸ்டர் வேலைக்கு நான் பொறுப்பு.”

கேட் வரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

“அது சரிம்மா... இப்ப முழிச்சுத்தானே இருக்கார்? என் முழங்கால் வலியையும் ஒரு வார்த்தை...”

ஜன்னலைத் தட்ட அவர் கை தானாகவே எழுந்தது.

பாஸ்டரம்மா ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“இப்பதாங்க ஐயா தூங்கினார்.”