கண்ணாடி இல்லாத தலைவர்

தலைவர் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

"இந்த லட்சணத்துல நமக்கு நியாயம் கிடைச்ச மாதிரிதான்" என்று முணுமுணுத்தபடி, யசவதி தன் குடையை ஜன்னல் கம்பியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து இரண்டாம் வகுப்பில்தான் மத்தியஸ்த சபை கூடும். சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் இடிக்க அவள் ஒரு பக்கம், அண்ணன் விமலசேன மறுபக்கம். எதிரே மூன்று மத்தியஸ்தர்கள். நடுவில் தலைவர் ஹேரத் மாத்தயா, ஊரே ஐயா என்று மதிக்கும் ஓய்வு பெற்ற தபாலதிபர்.

அம்மா நட்ட பலாமரத்தையும் சேர்த்து வளைத்து அண்ணன் வேலி போட்டுவிட்டார் என்பது யசவதியின் முறைப்பாடு. மூன்று வருஷமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

உள்ளே அவளை அரித்ததோ மரம் இல்லை. வியாழக்கிழமை மகள் நிலூகாவுக்குக் கல்யாணம். பொருவ என்னும் மணமேடையில் மணமக்களின் சுண்டுவிரல்களைச் சேர்த்து நூல் கட்டி, நீர் வார்க்க வேண்டியவர் தாய்மாமன். அவரை அழைக்க வாங்கிய வெற்றிலைக் கட்டு மூன்று நாளாக அவள் கைப்பைக்குள் வாடுகிறது. கொடுக்கத்தான் கை வரவில்லை. காலையில்கூட போதி மரத்தடியில் விளக்கேற்றி மனமுருக வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

தலைவர் காகிதத்தைக் கை எட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார்.

"விமலசேன குடிச்சிட்டு வந்து... தங்கச்சியை அடிச்சிருக்கார்..."

யசவதி துள்ளி எழுந்தாள். "என்ன மாத்தயா சொல்றீங்க! எங்க அண்ணன் ஒரு சொட்டு தொடமாட்டார். அப்பா செத்தப்போ படிப்பை விட்டுட்டு எங்களுக்குச் சோறு போட்ட மனுஷன் அவர்!"

"சரி, சரி. எழுத்து புரியல." தலைவர் பக்கத்தைத் திருப்பினார். "அண்ணன் சொல்ற பதில்... தங்கச்சி ஒரு கள்ளி. தேங்காய் திருடுறவ..."

"யாரு சொன்னது?" விமலசேன மேசையைத் தட்டினார். "அடுத்தவன் தோட்டத்துல விழுந்த ஓலையைக்கூட அவ எடுக்கமாட்டா. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ரெண்டு மாசம் கஞ்சி சுமந்தவ!"

தலைவர் தலையைச் சொறிந்தார். "அப்போ இந்தக் குடிகாரனும் கள்ளியும் யாரு?"

"வாயை அளந்து பேசுங்க மாத்தயா!"

இரண்டு குரல்களும் ஒன்றாகக் கிளம்பின. அண்ணனும் தங்கையும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடு தங்கச்சி. கண்ணு தெரியாத மனுஷன்."

தங்கச்சி! மூன்று வருஷம் கழித்து.

யசவதியின் கை தானாகக் கைப்பையைத் திறந்தது. "அண்ணே... வியாழக்கிழமை..."

விமலசேன இரண்டு கைகளாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். "வாடிப்போச்சேடி. எப்போ வாங்கினே?"

"மூணு நாளாச்சு."

"ஏன், வந்து தர்றதுக்கென்ன?"

"வேலியில வாசல் எங்கே இருக்கு?"

அண்ணன் தலை குனிந்தது. "வேலியை இன்னிக்கே பிடுங்கிடறேன். கல்யாணத்துக்குப் பலாக்காய் அம்மா மரத்துலேர்ந்துதான் வரணும், ஆமா!" என்றார்.

சமாதானம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி தலை நிமிர்ந்து வெளியே வந்த யசவதிக்கு, வாசலுக்கு வந்த பிறகுதான் குடை ஞாபகம் வந்தது.

ஜன்னலோரம் திரும்பி வந்தாள். உள்ளே தேநீர் கொண்டுவந்த பியசீலி, ஒரு மாத்திரை அட்டையைத் தலைவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எறும்பு மாதிரி எழுத்து மாத்தயா. காலாவதித் தேதி என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

ஹேரத் மாத்தயா கண்ணைச் சுருக்காமல் ஒரு பார்வைதான் பார்த்தார். "போன மாசமே முடிஞ்சுபோச்சு. தூக்கி எறி."

யசவதி குடையைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். பிறகு கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமை நீங்களும் கல்யாணத்துக்கு வந்துடணும் மாத்தயா. கண்ணாடி இல்லாமலே வாங்க."