அட்டையில் ஓர் எண்

பத்தொன்பது நாட்களாக, குறைமாதத்தில் பிறந்த மகளின் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய அட்டையில், 'கெய்ன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே வெறும் கோடுதான் இருந்தது. "கெய்ன்னா கூடுறதும்மா. எடை கூடினா எழுதுவோம்" என்று நர்ஸ் முதல் நாளே முப்பிடாதியிடம் சொல்லியிருந்தாள். இன்று காலை கோட்டுக்குப் பதில் ஓர் எண் இருந்தது.

வாசலில் தூக்குச்சட்டியோடு நின்ற மதினி, "பிள்ளை எப்படி இருக்கா?" என்றாள். எடை கூடினால் யாரிடமும் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்று எச்சரித்திருந்தவளே அவள்தான்.

"அப்படியேதான் இருக்கா மதினி."

மதினியின் முகம் வாடியது. பிறகுதான் முப்பிடாதியின் உதட்டில் அடங்காமல் நின்ற சிரிப்பைக் கவனித்தாள்.

"ஏட்டி, எங்கிட்டயுமா?"

முப்பிடாதி வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "இருபத்திரண்டு கிராம் கூடியிருக்கா!"