வயலில் கொக்கு

கும்பகோணத்துக் கண் டாக்டர் பரிசோதனையை முடித்தார்.

"கண்புரை ஆபரேஷன்ல உங்களுக்கு வெச்சது விளிம்பு மழுங்கின லென்ஸ். அதான் பின்னாடி இருக்கிற சவ்வு மங்கிடுச்சு. இப்ப வர்ற கூர்விளிம்பு லென்ஸ்ல இது குறைவு. லேசர் வெச்சா பளிச்சுன்னு தெரியும்."

"இப்பவே எங்க வயல்ல கொக்கு உக்காந்திருக்கறது தெரியுதுங்களே" என்று சிரித்தார் இளையபெருமாள்.

அவர் மனைவி அம்சம் டாக்டரை வெளியே அழைத்தாள். "லேசர் வேண்டாங்க. அவரு போராடி, ஜெயிலுக்குப் போயி, எம்பேர்ல பட்டா வாங்கின நிலம். மகனுக்காக அவருகிட்ட சொல்லாம வித்துட்டேன். அது கொக்கு இல்லீங்க. பிளாட்டுக்கு நட்ட வெள்ளைக் கல்லு."

டாக்டர் தனியே உள்ளே திரும்பினார். இளையபெருமாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லேசர் வேண்டாங்க. கொக்குன்னா ஒரு நாளாவது பறந்திருக்கணுமே. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."