சாவி மாறிப்போச்சு

"அம்மா, எனக்க சாவி மாறிப்போச்சு. ஷைஜாவுக்கது எனக்க பேக்ல கெடக்கு. லேப்டாப் திறக்க மாட்டேங்குது. திரும்பி வாறேன்."

வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மகன் ஷிஜின் போனில் சொன்னதும் பூங்கனிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"வா மக்கா. பெங்களூர் பஸ்சு நாளைக்கும் உண்டு."

மகனுக்கும் மருமகள் ஷைஜாவுக்கும் ஒரே கம்பெனி. அவன் பெங்களூரில், அவள் வீட்டிலிருந்தே வேலை. ஆளுக்கொரு கட்டைவிரல் அளவு சாவி. அதைச் செருகினால்தான் அவரவர் லேப்டாப் திறக்கும்.

"ஒரே அச்சில சுட்டாலும் ஒரு அச்சுமுறுக்கு போல இன்னொண்ணு இருக்குமா மாமி? இதுக்குள்ள உள்ள சிப்பும் அப்படித்தான். செய்யும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோணல் விழும். அந்தக் கோணலை வச்சுத்தான் இது யாருக்க சாவின்னு லேப்டாப் கண்டுபிடிக்கும். கள்ளச்சாவி போடவே முடியாது" என்று ஷைஜா ஒருநாள் விளக்கியிருந்தாள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

லீவுக்கு வந்தவன், ஷைஜாவைச் சிதறால் மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கூடப் படித்த கூட்டுக்காரன் ஒருவனின் கல்யாணத்துக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இப்படியே பஸ் ஏறினால் கிறிஸ்துமஸ் வரைக்கும் இந்த ஊமைச்சண்டை ஓயாது என்று பூங்கனிக்குத் தெரியும்.

"ஏட்டி ஷைஜா, உனக்க மாப்பிள்ள திரும்பி வாறான்."

"வரட்டும். எனக்கென்ன?" என்றவளின் கை, தானாகத் தலைமுடியை ஒதுக்கியது.

"சாவி மாறிப்போச்சாம். மாத்தினது நானாக்கும்! அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவனுக்க பேக்ல கெடந்தத உனக்க மேசையில வச்சிட்டு, மேசையில இருந்தத அவனுக்க பேக்ல போட்டேன்."

ஷைஜா தலையில் கை வைத்தாள். "ஐயோ மாமி! காலம்பறயே நான் மாத்தி வச்சிருந்தேனே!"

"நீயா?"

"பின்னே? ஒரு வார்த்த பேசாம போனா விட்டிருவேனா?"

மாமியாரும் மருமகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சட்டென்று பூங்கனி சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏட்டி, அப்போ நீ மாத்தினத நான் மறுபடியும் நேராக்கியிருக்கேனே!"

ஷைஜா ஓடிப்போய் மேசைமேல் கிடந்த சாவியைத் தன் லேப்டாப்பில் செருகினாள். அது உடனே திறந்துகொண்டது.

அவள் முகம் சிவந்துவிட்டது.

"மாமி, அவருக்க சாவி அவருகிட்டயேதான் இருக்கு. வந்தா கேட்டிராதீங்க, என்ன!"