ஏற்கெனவே இருக்கிறது

விஷாலினிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேட்டதிலிருந்து ஹரிப்பிரியாவுக்கு மனம் ஆறவில்லை. டண்டினொங் ரயில்வே ஸ்டேஷனில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"அந்த வேலையோட லிங்க்கை ஏன் நம்ம ஃபைல்ல போடல?"

இருவரும் சேர்ந்து வேலை தேடியவர்கள். யார் கண்ணில் எந்த வேலை பட்டாலும், பொது ஃபோல்டரில் உள்ள டெக்ஸ்ட் ஃபைலில் அதன் லிங்க்கைச் சேர்த்துவிட வேண்டும் என்பது பேச்சு. சேர்ப்பதற்கான ஸ்கிரிப்டை, அந்தக் குட்டிக் கணினி நிரலை, எழுதியதே ஹரிப்பிரியாதான்.

"கூடவே இருந்து முதுகுல குத்திட்ட, விஷா."

"நான் போட்டனான்" என்றாள் விஷாலினி.

"பொய் சொல்லாத. தினமும் பார்க்கறேன். ஃபைல்ல அது இல்ல."

"ஓம், இல்லைத்தான். 'ஏற்கெனவே இருக்கிறது' எண்டு சொல்லி உன்ர ஸ்கிரிப்ட் சேர்க்கேல்லை. ஒரே லிங்க் ரெண்டு தரம் வரக்கூடாதெண்டு, ஃபோல்டரில இருக்கிற எல்லா ஃபைலையும் தேடிப் பாக்கிற மாதிரி நீதானே எழுதினனீ?"

ஹரிப்பிரியா ரயில் வரும் திசையைப் பார்த்தாள்.

"எங்க இருக்கெண்டு நானும் தேடினனான். உன்ர பேரில இன்னொரு ஃபைல் ஒளிச்சுக் கிடந்தது. நல்ல வேலையெல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது, ஹரி."

ரயில் வந்தது. விஷாலினி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள்.